மதினி கொண்டுவந்த டப்பா

ஆடி பிறந்த மூன்றாம் நாள் புனலூர் மதினி வந்திருந்தார். ரயிலில்தான் வருவார். பஸ்ஸில் ஆரியங்காவு வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்தைத் தாண்டியதும் தவறாமல் போன் பண்ணி, “பாலம் கடந்தாச்சு, உலை வை” என்பார். செங்கோட்டையில் இறங்கும்போது நல்ல சாரல். குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நேந்திரங்காய் உப்பேரி, அம்மாவுக்குக் கர்க்கடகக் கஞ்சிக் கூட்டு ஒரு பாக்கெட், கடைசியாக எனக்கென்று ஒரு டப்பா.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் அரபி. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் லீவில் வரும்போது ஆறு டப்பா கொண்டுவந்தானாம். முடி, தோல், நகம், உடம்புத் தெம்பு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை.

“மூணு மாசம் கழிச்சுப் பாரு, முடி ஒண்ணும் போகாது, கேட்டோ. நானே சாட்சி. உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா? வெளுத்துப் போயிருக்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. எனக்கு 48 வயது. புளியரைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கேரளத்துக்கு லோடு போகும் நாட்களில் காலை எட்டு மணிக்கே பில் போட உட்கார்ந்தால் நிமிர்வதற்கு மூன்று மணியாகும். போன வருஷம் வரை அது ஒரு பாரமாகவே தெரிந்ததில்லை. இந்த வருஷம் நான்கு மணிக்குமேல் கண் செருகுகிறது. சீப்பில் முடி சுருள் சுருளாக வருகிறது. இரவில் படுத்தால் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு. சுகருக்கு ஆறு வருஷமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். தைராய்டுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இவற்றோடு இன்னொன்று சேர்ந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று மதினி கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனாலும் டப்பாவை நான் திறக்கவில்லை. பதினொரு நாள் அது சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் சீல் உடையாமல் இருந்தது. அதற்குக் காரணம் அம்மா.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, முட்டுவலி மட்டும் தங்கிவிட்டது. பார்த்த டாக்டர், வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் பவுடர் எட்டு சாஷே எழுதிக் கொடுத்தார். அது வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டியது. சீட்டில் அந்த ‘வாரம்’ ஒரு கிறுக்கலாகத்தான் இருந்தது. மருந்துக் கடையில் கவர்மேல் எழுதித் தந்தது வெறும் ‘1’. அம்மா தினமும் ராத்திரிப் பாலில் கலக்கிக் குடித்தாள். எட்டு நாளில் தீர்ந்தது. “அந்தப் பவுடரு நல்லாருக்கு, முட்டு கொஞ்சம் தேவல, இன்னும் வாங்கிட்டு வாட்டி” என்றாள். வாங்கிக் கொடுத்தது நான்தான். சீட்டுக் கேட்காமலே கொடுத்தார்கள். வைட்டமின்தானே என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

ஐந்து வாரம் அப்படிப் போனது. முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். மலச்சிக்கல். பிறகு தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரி நாலு தடவை எழுந்தாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, இறந்துபோன என் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “எப்ப வந்தே?” என்று கேட்டாள். அன்றைக்கே ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஓடினோம். ரத்தத்தில் கால்சியம் 13.2. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. வைட்டமின் டி, கருவி காட்டக்கூடிய உச்சத்தையும் தாண்டியிருந்தது.

அந்த வார்டில் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எழுதும் கைக்கு அது தானாக வந்துவிடும். 60,000-ஐ 35 நாளால் பெருக்கினால் 21 லட்சம் யூனிட். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. அப்படியென்றால் ஒன்பதரை வருஷத்துக்கு வேண்டியதை ஐந்து வாரத்தில் அவள் உடம்பில் நான் கொட்டியிருக்கிறேன். சி-யும் பி வகைகளும் தண்ணீரில் கரைபவை, மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும். டி மிஞ்சினால் குடல் கால்சியத்தை அளவில்லாமல் இழுக்கும், எலும்பும் அவிழ்த்துவிடும். மூளை மங்குவதும் சிறுநீரகம் திணறுவதும் அந்தக் கால்சியத்தால்தான். நாள்கணக்கில் சலைன் ஏற்றித்தான் இறக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் ரத்தம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அம்மா தேறிவிட்டாள். இன்றைக்கும் அவளே காப்பி போட்டுக் குடிக்கிறாள். ஆனால் “எப்ப வந்தே?” என்று கேட்ட அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால் மதினியின் டப்பாவை எடுத்தபோது, முன்பக்கத்துப் பெண்ணின் கூந்தலைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் பார்த்தேன்.

ஆலையில் மூட்டைச் சீட்டுப் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரிவரியாகப் படித்தேன். பதினெட்டுப் பொருட்கள். பக்கத்தில், ஒருநாள் தேவையில் அது எத்தனை சதவிகிதம் என்று ஒரு வரிசை. வைட்டமின் சி 100. துத்தநாகம் 136. கீழே வரவர எண்கள் நீண்டன. பி12, 1,000 மைக்ரோகிராம். அதற்கும் கீழே, பி வகையில் ஒன்றான பயோட்டின் 10,000 மைக்ரோகிராம், எதிரே 33,333 சதவிகிதம். கமா தவறாக விழுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஒருநாள் தேவை 30 மைக்ரோகிராம் என்று வைத்து அவர்கள் போட்ட கணக்கு அது.

பெரிய எண் என்றாலே விஷம் என்று பயப்படவும் கூடாது. அம்மாவுக்குப் பிறகு நான் அப்படித்தான் பயந்து கிடந்தேன். பி12 நமக்கு ஒருநாளைக்கு இரண்டரை மைக்ரோகிராம்கூட வேண்டாம். ஆனால் 1,000 விழுங்கினாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளே போகும், மிச்சத்தால் கெடுதல் என்று எதுவும் கண்டதில்லை. பயோட்டினும் உடம்பை நேரடியாகக் கெடுப்பதாகத் தெரியவில்லை. அது கெடுப்பது ரத்தப் பரிசோதனையை. பல லேப் கருவிகள் பயோட்டினையே ஒரு பசை மாதிரி வைத்துத்தான் ஹார்மோன்களைப் பிடித்து அளக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால் பசை எங்கெங்கோ ஒட்டிக்கொள்ளும். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ஒழுங்காக இருக்கும் ஆளைத் தைராய்டு எகிறிக் கிடப்பவராகக் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதனால் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது.

அந்தப் பதினெட்டில் கால்சியமும் இருந்தது. நான் காலையில் போடும் தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்போ சேர்ந்தால் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதினியோ “காலையில எந்திரிச்சதும் ரெண்டையும் சேத்துப் போட்டுரு” என்றுதான் சொல்லியிருந்தார். கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. மாத்திரையின் மேலுறை ஜெலட்டின். மாடு போன்ற விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. உள்ளூர்ப் பொருளாக இருந்தால் பச்சைப் புள்ளியா பழுப்பு முக்கோணமா என்று பார்த்திருப்பேன். பையில் வந்த வெளிநாட்டு டப்பாவில் எந்தக் குறியும் இல்லை, நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதினான்கு இலக்க எண்ணும் இல்லை.

சரி, மதினிக்கு முடி கொட்டுவது நின்றதே? அதை நான் நம்புகிறேன். ஆனால் மாசியில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தார். பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும், ஆறு மாதத்துக்குள் தானாகவே நிற்கும். டப்பா திறந்ததும் முடி தானாக நிற்க வேண்டிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டால், பெயர் டப்பாவுக்குத்தானே போகும்?

வைட்டமினே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. பாலிஷ் மெஷினுக்குக் கீழே சாக்கைக் கட்டியிருப்பார்கள். அதில் தவிடு விழும்போது கையை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும், வறுத்த மாவு மாதிரி வாசம். அரிசி வெள்ளையாக ஆக ஆகச் சாக்கு நிறையும். முற்றத்தில் மேயும் கோழிகள் வாசலில் காயும் அரிசியை விட்டுவிட்டு அந்தச் சாக்கைச் சுற்றித்தான் நிற்கும். வைட்டமின் என்ற விஷயம் உலகத்துக்குத் தெரிந்ததும் கோழிகளால்தான். 1890-களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் சாய்வதைப் பார்த்தார். பெரிபெரி வந்த மனிதர்களுக்கும் அதே மாதிரிதான் கால் போகும். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. 1912-இல் காசிமிர் ஃபங்க் அந்த இனத்துக்கே பெயர் வைத்தார். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கம் குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் 1918-இல் பெரிபெரி ஆராய்ச்சிக்கென்று ஒரே ஓர் அறையில் தொடங்கியதுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் நம் புழுங்கல் வழக்கத்தில் தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் இட்லி அரிசி, அந்தப் பக்கம் மட்டை, இரண்டுக்கும் இது பொது. ஆலையில் அவியல் போடும் அண்ணாச்சிக்கு அந்த டச்சுக்காரர் யாரென்று தெரியாது, ஆனால் பதம் தெரியும்.

சாய்ந்த கோழி எழுந்து நடந்ததற்குக் காரணம், அதனிடம் அந்தச் சத்து இல்லாமல் இருந்ததுதான். நன்றாக மேயும் கோழிக்கு இரட்டிப்பாகத் தவிடு போட்டால் அது பறக்கப் போவதில்லை. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், பொதுவாக நன்றாக இருந்தவர்களுக்குத் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்ததில் புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவிகிதம் கூடியிருந்தது. கேரட்டில் இருக்கும்போது நல்லது செய்வது, மாத்திரையில் அளவுக்கு மீறி அடைத்தால் வேறொன்றாக நடந்துகொள்கிறது.

ஆகவே எனக்குத் தேவைப்பட்ட கேள்வி ‘இது நல்ல மாத்திரையா?’ என்பதில்லை. ‘என் உடம்பில் என்ன இல்லை?’ என்பது. இதை எந்த டப்பாவும் சொல்லாது.

பன்னிரண்டாம் நாள் டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பெண். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு முதலில் கேட்டது, “இதுல ஒண்ணாவது போட்டீங்களா?” இல்லை என்றேன். “நல்லது. போட்டிருந்தா ரெண்டு நாளாவது நிறுத்திட்டு வரச் சொல்லியிருப்பேன்.” பிறகு பாதத்தில் குறுகுறுப்பு எத்தனை மாதமாக, மெட்ஃபார்மின் எத்தனை வருஷமாக, பால் தயிர் எவ்வளவு என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். லேசாகத் தள்ளாடினேன். எல்லாவற்றையும் பார்க்கும் பேக்கேஜ் எடுத்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி நாலே நாலு மட்டும் எழுதினார். பி12 பரிசோதனைக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேலாயிற்று. மாத்திரையைவிடப் பரிசோதனை விலை அதிகம். ஜனங்கள் நேராக டப்பாவுக்குப் போவதில் இதுவும் ஒரு காரணம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஹீமோகுளோபின் 10.8. டி.எஸ்.எச். சரி. சிவப்பணுக்கள் இருக்க வேண்டிய அளவைவிடப் பருத்திருந்தன. பி12 138, குறைந்தது 200 இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுத்தால் குடல் பி12-ஐ இழுப்பது குறையும். காய்கறி, கீரை, பருப்பு எதிலும் அது கிடையாது. சைவக்காரர்களுக்குப் பால், தயிர்தான் வழி. சுகர் வந்த பிறகு பாலைக் குறைத்தவள் நான். ஈரலில் இருந்த சேமிப்பு தீரச் சில வருஷம் ஆகும் என்பதால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

பருத்த சிவப்பணு என்றதும், 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவரைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. துணி மில்களில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்களிடம் இதே மாதிரிப் பருத்த அணுக்களோடு கூடிய சோகையைக் கண்டு, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று துருவிப் போய், மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துத் தேற்றினார். அதற்குள் இருந்தது ஃபோலேட் என்ற இன்னொரு பி வகை வைட்டமின் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவருடைய நோயாளிகளுக்குக் குறைந்தது அது, எனக்குக் குறைந்தது பி12. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எது என்று தெரியாமல், ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் ஆசிட் மட்டும் விழுங்கியிருந்தால் ரத்தம் சரியாகிவிட்டதாகக் காட்டும், உள்ளே நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். மதினியின் டப்பாவிலும் பி12 இருந்தது. அதைச் சாப்பிட்டிருந்தால் எனக்குக் குணம் தெரிந்திருக்கலாம். அன்பு அவரைச் சரியான பக்கம்தான் தள்ளியிருக்கிறது. ஆனால் ஏன் குணமானது என்று எனக்குத் தெரிந்திருக்காது. டப்பா தீர்ந்ததும் நிறுத்தியிருப்பேன், மெட்ஃபார்மின் தொடர்ந்திருக்கும். அடுத்த தைராய்டு பரிசோதனையில் பொய் எண் வந்திருக்கும்.

இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. இப்போது தினம் ஒரு மாத்திரை, பி12 மட்டும். ஊசி முடிந்த வாரத்தில் நான்கு மணிக் கண்செருகல் போய்விட்டது. பாதத்துக் குறுகுறுப்பு இன்னும் இருக்கிறது. நரம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்றார் டாக்டர்.

ஆவணி பிறந்ததும் மதினிக்குப் போன் பண்ணினேன். டப்பாவைத் திறக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார். “எனக்குத் தைராய்டு ரொம்பக் கூடிப்போச்சாம், போன மாசம் ரிப்போர்ட் வந்துச்சு. எத்தனை வருஷமா போடுற மாத்திரையைப் பாதியாக் குறைக்கச் சொல்லிருக்காங்க. குறைச்சதுல இருந்து ஒரே அசதி, காலு நீர் வைக்குது.”

“மதினி, ரத்தம் கொடுத்த அன்னைக்கு அந்த டப்பா மாத்திரை போட்டீங்களா?”

“காலையில எந்திரிச்சதும் அதுதானே மொதல்ல.”

அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. டப்பாவைப் பற்றி டாக்டரிடம் சொன்னாரா என்று கேட்டேன். “வைட்டமின்தானே, அதை எதுக்குச் சொல்லணும்?” என்றார். அந்த வார்த்தையை நானும் ஒருகாலத்தில் சொன்னவள்தான். பயோட்டின் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். டப்பாவை நிறுத்திவிட்டு, அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், அவளுக்கும் ஒரு டப்பா கொடுத்ததாகச் சொன்னார். அதில் வைட்டமின் ஏ இருக்கிறது, பார்க்கிற டாக்டரைக் கேட்காமல் அவள் ஒன்றுகூடப் போட வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். மதினிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “பிள்ளை ஆசையாக் கொண்டுவந்தது” என்றார்.

ஐந்தாம் நாள் அவர் டாக்டரே மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். தைராய்டு கூடவே இல்லை, மாத்திரையைக் குறைத்ததில் டி.எஸ்.எச். 9.4 ஆக ஏறிக் கிடந்தது. பழைய அளவுக்கே மாற்றிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். பாலம் தாண்டியதும் வழக்கம்போல் போன் வந்தது, உலை வைத்தேன். அம்மா அவருக்காக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மதினி பையிலிருந்து ஒரு நோட்டுத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அண்ணன், அவர், மருமகள் மூன்று பேரும் சாப்பிடும் மாத்திரைகளை, டப்பா, அரிஷ்டம், லேகியம் உள்பட, நேரத்தோடு மலையாளத்தில் எழுதி வைத்திருந்தார்.

“இதைத் தமிழ்ல எழுதித் தா. அம்மைக்கும் சேத்து எழுது” என்றார்.